சத்தத்துக்கா காசு?

பொந்தியான் பிக்கப்காரர்களும் எக்சோஸ் கடையும்: கையில் உள்ள காசுக்கு எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

பொந்தியானில் ஒரு பிக்கப்பின் எக்சோஸ் குழாய் ஆயுசு முடியும் முன்பே துருப்பிடித்து விழுந்தால், காரணம் தேடி அலைய வேண்டாம். மேற்கே மலாக்கா நீரிணை. கூக்குப், பெனுட் பக்கம் மீன் ஏற்றும் வண்டிகளின் அடிப்பாகத்தில் உப்புத் தண்ணீர் சொட்டாத நாளில்லை. உள்ளே திரும்பினால் புளிப்பேறிய சதுப்பு மண். அன்னாசிக்கும் செம்பனைக்கும் அது சரிப்பட்டு வரும், இரும்புக்கு வராது. மாவட்டத்தில் ‘பாரிட்’ என்று பெயர் தொடங்கும் கம்பங்கள் எல்லாம் அந்தச் சதுப்பு நீரை வடிக்க வெட்டிய கால்வாய்களின் கரையில் எழுந்தவை. நீர் வடிய வடிய மண் அமுங்குகிறது; மண் அமுங்க அமுங்கத் தார்ச்சாலை அலை அலையாக மேடுபள்ளமாகிறது. அதில் செம்பனைக் குலையை அடுக்கிக்கொண்டு வரும் ஹைலக்ஸுக்கு அடிவயிற்றில் முதல் அடி விழுவது எக்சோஸில்தான்.

ஆக, இந்த ஊரில் எக்சோஸ் மாற்றப் போகிறவர்களில் பாதிப்பேரை அனுப்புவது ஆசை அல்ல, ஓட்டை. ஓட்டையோடு போகிறவரிடம் கடையில் வரும் முதல் பேச்சு ஒன்றுதான்: “எப்படியும் மாத்தத்தானே போறீங்க அண்ணே, ரெண்டரை இன்ச், மூணு இன்ச்சுன்னு பெருசாவே போட்டுடலாமே. பிக்கப் நல்லா வரும், டீசலும் மிச்சம்.”

அந்தக் கடைசி வார்த்தைக்கு இப்போது மவுசு அதிகம். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஒரே தாவலாகத் தாவியது. 70 லிட்டர் ஊற்றினால் ஒரே இரவில் 84 ரிங்கிட் கூடுதல். தகுதி உள்ள தனியார் டீசல் வண்டிக்காரர்களுக்கும் சிறு தோட்டக்காரர்களுக்கும் ‘பூடி மடானி’ திட்டத்தில் மாதம் 200 ரிங்கிட் வந்தது. கணக்குப் போட்டால் அது ஏறக்குறைய 166 லிட்டருக்கான விலை உயர்வை ஈடுகட்டும். அதற்கு மேல் ஓடுகிறவர் சொந்தப் பையிலிருந்துதான் போட வேண்டும். பெக்கான் நனாசுக்கும் ஜொகூர் பாரு சந்தைக்கும் தினம் போய்வருகிறவருக்கு 166 லிட்டர் மாதக் கடைசி வரை தாங்காது. விலை அதன் பிறகு வாரந்தோறும் ஏறி இறங்கினாலும், அந்த ஜூன் மாத அதிர்ச்சி யாருக்கும் மறக்கவில்லை. ‘டீசல் மிச்சம்’ என்ற இரண்டு சொல்லுக்குக் கடைகளில் இத்தனை விற்பனைச் சக்தி வந்தது அப்படித்தான்.

மிச்சமாகுமா? ஒரு பேச்சுக்கு மாதம் 250 லிட்டர் ஊற்றும் வண்டி என்று வைப்போம். 3.35 விலையில் 837 ரிங்கிட் சொச்சம். புதுக் குழாயால் இரண்டு விழுக்காடு குறைந்தது என்றே தாராளமாக ஒப்புக்கொள்வோம். 17 ரிங்கிட்கூட வரவில்லை. ஆயிரம் ரிங்கிட் செலவழித்துப் போட்ட எக்சோஸ் அந்தக் காசைத் திருப்பித் தர ஐந்து வருடம் ஆகும். ஐந்து வருடத்தில் கூக்குப் உப்புக் காற்று அந்தப் புதுக் குழாயையும் தின்றிருக்கும். டீசலை மிச்சப்படுத்த எக்சோஸ் மாற்றுவது நடக்காத காரியம். டயர் காற்று, ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் குழாயில் கசிவு, இந்த மூன்றையும் பார்த்தாலே அதைவிடக் கூடுதலாக மிஞ்சும். செலவும் சொற்பம்.

அதற்காக, பெரிய குழாய் போடுவது வெறும் ஏமாற்று என்றும் சொல்லிவிட முடியாது. விஷயம் டர்போவில் இருக்கிறது. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகைதான் டர்போவின் சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தச் சக்கரத்துக்கு முன்னால் உள்ள அழுத்தத்துக்கும் பின்னால் உள்ள அழுத்தத்துக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவுக்குச் சுழற்சி. பின்னால் குழாய் இறுக்கமாக இருந்தால் அந்த வித்தியாசம் குறையும், டர்போ எழுந்திருக்க நேரமாகும். குழாய் தாராளமாக இருந்தால் சீக்கிரம் எழும். பாரத்தோடு சந்திப்பில் நின்று கிளம்பும்போது ஓட்டுநருக்குத் தெரிவது இந்த வித்தியாசம்தான். ‘எஞ்சினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும்’ என்று சொல்வார்கள். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின்களின் குழாய் நீளம், அகலம் பற்றிய பேச்சு அது, காது வழியாகக் கேட்டுத் தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. டர்போ டீசலுக்கு, டர்போவைத் தாண்டியபின் இறுக்கத்தால் ஒரு பயனும் இல்லை.

இரண்டு அங்குலக் குழாயை இரண்டரை ஆக்கினால் உள்வெட்டுப் பரப்பு 56 விழுக்காடு கூடும். அதே அளவு புகைக்கு உராய்வுத் தடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்கும். இரண்டரையிலிருந்து மூன்றுக்குப் போனால் பரப்பு மேலும் 44 விழுக்காடு கூடும். ஆனால் முதல் தாவலிலேயே தடையின் பெரும்பகுதி போய்விட்டதால், இரண்டாவது தாவலில் கிடைப்பது சொற்பம். கூடுவது விலையும் சத்தமும். இன்னொன்றும் உண்டு. ஹைலக்ஸ் வீகோ, டி-மேக்ஸ், டிரைட்டன் போன்ற காமன்ரெயில் வண்டிகளில் எவ்வளவு டீசல் பீய்ச்ச வேண்டும் என்று முடிவெடுப்பது கம்ப்யூட்டர். குழாய் பெரிதானது அதற்குத் தெரியாது. அதே டீசல், கிட்டத்தட்ட அதே சக்தி. கூடுதல் சக்தி வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் கை வைக்க வேண்டும். அது தனிச் செலவு, வாரண்டியும் போகும், சரியாகச் செய்யாவிட்டால் கரும்புகை வேறு. சின்ன பட்ஜெட்காரர் அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை என்பது என் கட்சி.

முதலில் தட்டிப் பாருங்கள்

நல்ல போமன் ஒருவர் வண்டியைத் தூக்கியதும் விலைப்பட்டியலை எடுக்க மாட்டார். கையில் ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவர், அதன் பிடியால் குழாயை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். உள்ளே அரித்துப்போன இடம் மொத்தையாகக் கேட்கும். மஃப்ளரைத் தட்டும்போது உள்ளே ஏதாவது கலகலத்தால், தடுப்புத் தகடு கழன்று புகையை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிறகு இணைப்புகளை விளக்கடித்துப் பார்ப்பார். பிளேஞ்ச் ஓரத்தில் மயிர் போலக் கறுப்புக் கோடு ஓடியிருந்தால் அங்கே கசிகிறது. டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் அந்தக் கோடு இருந்தால் சக்தி போகும் வழி அதுதான். பின்னால் எத்தனை அங்குலக் குழாய் போட்டும் பிரயோசனம் இல்லை. எஞ்சின் ஆடும் ஆட்டத்தைத் தாங்கவென்று நடுவில் வைத்திருக்கும் பின்னல் கம்பி போட்ட ஃப்ளெக்சி, பழைய வண்டிகளில் எப்போதும் சந்தேகப்பட வேண்டிய ஆள்.

மஃப்ளரின் அடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கலாம். ஓட்டை என்று நினைத்து வெல்டு வைத்து அடைத்துவிடுவார்கள். அது கம்பெனிக்காரன் வேண்டுமென்றே விட்டது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் குழாய் வழியே போகிறது. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் மட்டும் ஓடும் வண்டியில் மஃப்ளர் சரியாகச் சூடேறுவதில்லை. ஆவி உள்ளேயே குளிர்ந்து தேங்கும். அந்தத் தண்ணீர் வடியத்தான் அந்த ஓட்டை. 2021 ஏப்ரலில் நாடு முழுக்க யூரோ 5 டீசலுக்கு மாறும் முன், பம்பில் வந்த டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்தது. இப்போது 10 பங்குதான். கந்தகம் தண்ணீரோடு சேர்ந்தால் அமிலம். அந்தக் காலத்து டீசலில் ஓடிய பழைய வண்டிகளின் மஃப்ளர்கள் வெளியே பளபளப்பாக இருந்தும் உள்ளே பொடியாகிக் கிடப்பது இதனால்தான்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ‘குழாய் இறுக்கமா, இல்லையா’ என்ற கேள்வி நின்றால், அளந்தே பார்த்துவிடலாம். கேட்டுக்கு, அதாவது கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு, முன்னால் குழாயில் ஒரு துளை போட்டு ஒரு நட்டை வெல்டு வைக்க வேண்டும். அதில் கையளவு செப்புக் குழாயைச் சுருட்டி மாட்டினால் புகையின் சூடு குறையும். அதன் மறுமுனையில் சாதாரணப் பிரஷர் கேஜ். வண்டியில் பாரம் ஏற்றி, ஏற்றத்தில் முழு மிதி மிதித்து முள்ளைப் பார்க்க வேண்டும். ஜெனரேட்டர், டிராக்டர் போன்ற பெரிய டீசல் எஞ்சின்களின் கையேடுகளில் 10 கிலோபாஸ்கல், அதாவது ஒன்றரை பிஎஸ்ஐ அளவில் வரம்பு போட்டிருப்பதைப் பார்க்கலாம். பிக்கப்புக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனாலும் முள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காவிட்டால் உங்கள் பழைய குழாய் போதும். பல மடங்கு தாண்டி நின்றால் எங்கோ அடைப்பு. வேலை முடிந்ததும் அந்த நட்டை ஒரு போல்ட் போட்டு மூடிவிட்டால் அடுத்த முறைக்கும் ஆகும். எக்சோஸுக்காக ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள்கூட இந்தச் சில்லறைச் செலவைச் செய்வதில்லை என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

எதில் காசு போட வேண்டும்

மாற்றுவது என்று முடிவானால், கேட்டுக்குப் பின்னால் உள்ள பகுதியை இரண்டரை அங்குலத்தில் செய்வது இரண்டரை, மூன்று லிட்டர் எஞ்சின்களுக்குப் போதும். பொருள் விஷயத்தில் மூன்று வழி. சாதாரண இரும்புக் குழாய் மலிவு. கடலோரத்தில் ஆயுள் குறைவு. அலுமினியம் பூசிய குழாய் கொஞ்சம் தாங்கும். ஆனால் வெல்டு வைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோவதால் அங்கேதான் முதலில் துரு ஏறும். அந்த வெல்டு மேல் சூடு தாங்கும் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அடிக்க மாட்டார்கள். மூன்றாவது 304 ரக ஸ்டெயின்லெஸ். குரோமியம் 18, நிக்கல் 8 விழுக்காடு கலந்தது. விலை கூடுதல், ஆனால் கூக்குப் பக்கத்து வண்டிக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான். பலகை தொங்கும் கடையில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் சொன்னால் எந்த ரகம் என்று கேளுங்கள். 409 ரகத்தில் குரோமியம் 11 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும். மேலே பழுப்பேறும், ஓட்டை விழ நாளாகும். அதுவும் மோசமில்லை, 304 விலைக்கு வாங்காதவரை.

ஸ்டெயின்லெஸ் என்றால் ஆர்கன் வெல்டிங்தான். சாதாரண இரும்புக் கம்பியை வைத்து ஒட்டிவிட்டால், குழாய் மின்ன மின்ன இணைப்பு மட்டும் துருப்பிடித்துப் பிளக்கும். இன்னொரு குணம், அது சூட்டில் கூடுதலாக நீளும். மூன்று மீட்டர்க் குழாய் 200 டிகிரி சூடேறினால் சாதாரண இரும்பு 7 மில்லிமீட்டர் நீண்டால், 304 ரகம் 10 மில்லிமீட்டர் நீளும். அதனால் ரப்பர் ஹேங்கரில் தொங்கவிட வேண்டியதைச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டினால் எங்காவது வெடிக்கும். புது ரப்பர் போடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

வளைவு இன்னொரு கவனிக்க வேண்டிய இடம். சாதாரண அழுத்து மெஷினில் வளைத்தால் வளைவின் உட்பக்கம் நசுங்கி மடிப்பு விழும். இரண்டரை அங்குலக் குழாய்க்குக் காசு கொடுத்து, வளைவில் இரண்டு அங்குலத்தை வாங்கிக்கொண்டு வருவது அதுதான். உள்ளே அச்சு வைத்து வளைத்த ‘மேண்ட்ரல்’ வளைவுகள் தயாராகவே விற்கின்றன. வாங்கி வெட்டி ஒட்டச் சொல்லலாம். ஐந்தாறு வளைவுக்குக் கூடுதலாகும் காசு, குழாயின் அளவை இன்னும் அரை அங்குலம் கூட்டும் காசைவிடக் குறைவு, பலனோ அதிகம்.

பிக்கப்புக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. குழாய் பின் அச்சுக்கு மேலே வளைந்து போகிறது. கடையில் வண்டி வெறுமனே நிற்கும்போது இடைவெளி தாராளமாகத் தெரியும். பாரம் ஏறி, கம்பத்துச் சாலையில் பள்ளத்தில் விழுந்ததும் அச்சு மேலேறிக் குழாயை இடிக்கும். ‘டங்’ என்ற அந்தச் சத்தம் ஒரு மாதம் கேட்டால் வெல்டு விட்டுவிடும். பம்ப் ஸ்டாப் ரப்பரை அச்சு தொடும் நிலை வரை அளந்துதான் வளைவைப் போட வேண்டும். முடிந்தால் பின்னால் நாலு மூட்டை உரத்தைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள். ஹேண்ட்பிரேக் கேபிள், பிரேக் குழாய், டீசல் டாங்க், ஸ்பேர் டயர், இந்த நாலுக்கும் பக்கத்தில் குழாய் போகிறதா என்றும் பாருங்கள். பழைய வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றித் தூக்கி எறிந்துவிட விடாதீர்கள். வெல்டு வைக்கும் முன் பேட்டரி கம்பியைக் கழற்றச் சொல்வதும் உங்கள் பொறுப்பு. கம்ப்யூட்டர் போனால் எக்சோஸ் செலவு கால் தூசு.

கையில் சில நூறு ரிங்கிட்தான் என்றால்? அரித்த துண்டை மட்டும் வெட்டி மாற்றி, கேஸ்கெட், ரப்பர், ஃப்ளெக்சி புதிதாகப் போட்டு, பழைய உதிரிபாகம் விற்கும் ஹாஃப்கட் கடையில் அதே மாடலின் நல்ல நிலையில் உள்ள ஒரிஜினல் மஃப்ளரைத் தேடுங்கள். கம்பெனி மஃப்ளர் என்பது ஆயிரக்கணக்கான மணி நேரம் சோதித்து வடிவமைத்தது, பெயர் தெரியாத பளபள டப்பாவைவிட அது மேல். வாங்கும் முன் கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதும் உருளக் கூடாது, கறுப்புத் தண்ணீர் ஒழுகக் கூடாது.

தொடக் கூடாதது

‘கேட்டைக் கழட்டிட்டா வண்டி பறக்கும், கழட்டுற கூலியும் வேணாம்’ என்று எங்காவது சொன்னால், ஏன் கூலி வேண்டாம் என்று யோசியுங்கள். அந்தத் தேன்கூட்டுக்குள் பிளாட்டினம், பல்லேடியம் இருக்கிறது. பழைய கேட்டை விலைக்கு வாங்க ஆள் இருக்கிறார்கள். உங்களுக்கு இனாமாகச் செய்யும் உபகாரத்தின் விலையை உங்கள் வண்டியிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். புதிய மாடல்கள் சிலவற்றில் கேட்டோடு புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் டிபிஎஃப் வடிகட்டியும் உண்டு. அதைக் கழற்றினால் கம்ப்யூட்டர் சண்டை பிடிக்கும், வண்டி நொண்டும். பிறகு கம்ப்யூட்டரை ஏமாற்ற இன்னொரு செலவு. டிபிஎஃப் தன்னைத் தானே சுத்தம் செய்யும்போது உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடேறும். வறண்ட மாதங்களில் காய்ந்த லாலாங் புல் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். அடியில் இருப்பது சதுப்பு மண். அது பற்றிக்கொண்டால் மேலே அணைந்தாலும் கீழே புகைந்துகொண்டே இருக்கும்.

டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. கேட் இல்லாத, கரும்புகை கக்கும் பிக்கப்பின் பின்னால் மோட்டாரில் போகிறவர் யாரோ ஒருவர் அல்ல. சின்ன ஊர், பெரும்பாலும் தெரிந்தவராகத்தான் இருப்பார்.

சட்டமும் சும்மா இல்லை. டீசல் எஞ்சின் புகைக்கென்று 1996ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன, அடர்த்தி 50 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டக் கூடாது. வாகனச் சத்தத்துக்கு 1987ஆம் ஆண்டு விதிமுறைகள். ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறை, சுற்றுச்சூழல் துறை, போலீஸ் என்று யார் சாலைச் சோதனை போட்டாலும் காதும் மூக்கும் முதலில் கண்டுபிடித்துவிடும். மீட்டர் எல்லாம் பிறகுதான். வண்டியை விற்கும்போது பெயர் மாற்றத்துக்குப் பரிசோதனை நிலையத்துக்குப் போயாக வேண்டும். அங்கே கேட் இல்லாமல் நின்று முழிக்கிறவர்கள் ஒரு பழைய கேட்டைத் தேடி மறுபடி ஹாஃப்கட் கடைக்கு ஓடுகிறார்கள், முன்பு இனாமாகக் கொடுத்ததை இப்போது காசு கொடுத்து வாங்க.

சத்தத்தைப் பற்றி இளவட்டங்களிடம் சண்டை போட எனக்கு ஆசையில்லை. ஆனால் ஒரு கணக்கு. நாலு சிலிண்டர் எஞ்சின் 2,000 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 67 முறை வெடிக்கிறது. மஃப்ளர் இல்லாத மூன்று அங்குலக் குழாயில் அந்த 67 அதிர்வும் கேபினுக்குள் ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதியில் நின்றுவிடும். ஐந்தாம் எண் கூட்டரசு சாலையில் ஸ்கூடாய் வரை போய்த் திரும்புங்கள். வாங்கிய அன்று இனித்த சத்தம் மூன்றாவது வாரத்தில் தலைவலி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி முதல் நாளே சொல்லியிருப்பார். டர்போவே பாதி சைலன்சர் வேலையைச் செய்துவிடுவதால், உள்ளே துளையிட்ட நேர்க்குழாயும் சுற்றிலும் கண்ணாடி இழையும் வைத்த ஒரே ஒரு நல்ல மஃப்ளர் போட்டால் போதும். புகைக்குத் தடையும் இருக்காது, அக்கம்பக்கத்து வசவும் இருக்காது. நடுவில் ரெசனேட்டர் வைக்க இடம் இருந்தால் வைத்துவிடுங்கள், அந்த ‘ம்ம்ம்’ போய்விடும்.

வேலை முடிந்ததும் கடையிலேயே குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கனத்த துணியைச் சுருட்டி வால்குழாயைச் சில நொடி அடைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். எங்காவது கசிவு இருந்தால் ‘புஸ்’ என்று அங்கே காட்டிக்கொடுக்கும். கேபின் அடியில் கசிந்தால் புகை உள்ளேயே வரும், அதனால் அந்த இடத்தை இரண்டு தடவை பாருங்கள். கழற்றிய பழைய பாகங்களை, அதிலும் ஒரிஜினல் மஃப்ளரை, கேட்டு வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் பாரத்தோடு ஓட்டிவிட்டுத் திரும்பப் போய் எல்லா பிளேஞ்ச் போல்ட்டையும் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். சூடேறி ஆறிய கேஸ்கெட் கொஞ்சம் அமுங்கியிருக்கும், போல்ட் அரைச் சுற்று நிச்சயம் திரும்பும். இதற்குக் கூலி கேட்கிற கடைக்கு அடுத்த முறை போக வேண்டாம்.